வெள்ளிக்கிழமைக்குள் முடியும்தானே?

வணக்கம் நண்பர்களே. கொழும்பில் மென்பொருள் துறையில் இருப்பவர்களில் பாதிப் பேர் இந்த நேரத்திலும் மடிக்கணினிக்கு முன்னால்தான் இருப்பீர்கள். குளிர்காலத்தில் லண்டனில் மாலை ஐந்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை. அங்கே இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது அனுப்பும் கடைசி மின்னஞ்சல், வெள்ளவத்தையில் ஒரு பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இன்றைக்கு, வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய திகதிகளைப் பற்றிக் கதைப்போம். நம் தலையில் விழும் திகதி பெரும்பாலும் விற்பனைக் கூட்டத்தில் பிறக்கிறது. வேலையைச் செய்யப்போகிறவர் அந்த அறையில் இருப்பதில்லை. பிறகு முகாமையாளர் வந்து, “மல்லி, ஒரு பட்டன்தானே, வெள்ளிக்கிழமைக்குள் முடியும்தானே?” என்கிறார். கேட்கும்போதே வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

அந்தப் பட்டனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். “பணம் செலுத்துக” என்ற பட்டன். ஒருவர் அழுத்துகிறார், வங்கியிலிருந்து பதில் வரவில்லை. பணம் கழிந்ததா, இல்லையா? பொறுமை இழந்து மறுபடி அழுத்துகிறார். இரண்டு தடவை கழியாமல் இருக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுக்க வேண்டும். அதே எண் திரும்பி வந்தால் பழைய பதிலையே காட்ட வேண்டும். நடுவில் இணையம் அறுந்தால், நம் பதிவையும் வங்கியின் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக ஒரு நிரல் வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொன்று. அத்தனையையும் சோதிக்கவும் வேண்டும். பட்டனை வரைவது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும், மீதிதான் வேலை. அந்த மீதியை அவசரத்தில் விட்டால், சம்பளப் பணம் இரண்டு தடவை கழிந்து தவிக்கப்போவது யாரோ ஓர் அம்மா. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

அதனால் “முடியாது” என்று சொல்லாதீர்கள். தலையாட்டி “சரி சேர்” என்றும் சொல்லாதீர்கள். வேலையைப் பிரித்து மின்னஞ்சலில் எழுதுங்கள். “வெள்ளிக்கிழமை அட்டை வழியாகப் பணம் செலுத்துவது மட்டும் தயாராகும். பணம் திருப்புவது அடுத்த வாரம். இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் திகதி தள்ளும். எது முதலில் வேண்டும்?” இவ்வளவு போதும். முகாமையாளருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்ட இவருக்கும் எழுத்தில் ஏதாவது வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

“இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துத் தருகிறேன்” என்பார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 இயங்குதள வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார்: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது யார்? வேலை தெரிந்த அதே ஆள்தானே!

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால் எல்லாரும் குறைத்தே சொல்வோம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதற்குத் “திட்டமிடல் மாயை” (planning fallacy) என்று பெயரே வைத்துவிட்டார்கள். மனத்தில் தோன்றுவதைச் சொல்லாமல், இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு நாள் எடுத்தது என்று பழைய பதிவுகளைத் திறந்து பாருங்கள்.

கத்துகிற, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிற முகாமையாளர் வேறு விடயம். அங்கே பேரம் பேசிப் பயனில்லை. நடந்ததைத் திகதியோடு எழுதி வைத்துக்கொண்டு வேறு வேலை தேடுங்கள்.

வேலை நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வழமையான வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. உங்கள் பதவிக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதை நியமனக் கடிதத்தோடு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேளுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை.

அடுத்த காணொளியில் அந்த மின்னஞ்சலை வரி வரியாக எழுதிக் காட்டுகிறேன்.