ஆகனிலிருந்து ஹம் வரை: ஒரு கோடை, ஒரு டிக்கெட், 28 காலி பாட்டில்

வணக்கம் மக்களே. பின்னால் ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறதா? மணி இரவு ஒன்பது இருபது. ஜெர்மனியில் நான் படிக்கும் ஆகன் நகரில் இந்த ஜூலை மாதம் சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கிறது. ஃபேன் இல்லை, ஏசி இல்லை, மேல்மாடி அறை. குளிரைத் தாங்கத்தான் இந்த ஊர் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். அதனால் வியர்வையோடுதான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஜெர்மனியில் இப்போது சம்மர் லீவுதானே, பாரிஸ், சுவிஸ் எல்லாம் எப்போ போவ?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். லீவா! இங்கே கோடை செமஸ்டர் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை. வகுப்பு ஜூலையில் முடியும், அப்புறம் பரீட்சை. அந்த மாதங்களுக்கு இவர்கள் விடுமுறை என்றுகூடப் பெயர் வைக்கவில்லை, "வகுப்பில்லாத காலம்" என்கிறார்கள். வார நாட்களில் பேராசிரியரிடம் ஹிவி, அதாவது மாணவர் உதவியாளர் வேலையும் உண்டு. மிச்சம் சனி, ஞாயிறு.

அந்த இரண்டு நாளுக்கு என் கையில் இருப்பது மாணவர்களுக்கான டாய்ச்லாண்ட் டிக்கெட். 2025இல் பொதுமக்களுக்கு மாதம் 58 யூரோவாக இருந்தது, எங்களுக்கு 34.80. அது செமஸ்டர் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். நாடு முழுக்க பஸ், டிராம், உள்ளூர் ரயில் எல்லாம் ஏறலாம். வேகமாகப் போகும் ஐசிஇ மாதிரியான தொலைதூர ரயில்கள் மட்டும் கூடாது. ஆகவே நம்ம பயணம் எல்லாமே பாசஞ்சர் வண்டிப் பயணம்தான். எனக்கு அதில் புகாரே இல்லை.

முதலில் பக்கத்திலேயே போனேன். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் இடம் ஊர் எல்லையில் இருக்கிறது. காட்டுக்குள் நடந்தே போனேன். உயரம் 322 மீட்டர். நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பகுதியில் இதைவிட உயரமான இடம் கிடையாதாம்! மலை என்று நினைத்துப் போனவனுக்கு மேடுதான் கிடைத்தது. அங்கே ஒரு கல்தூண், சுற்றிலும் செல்ஃபி எடுக்கும் கூட்டம். பத்து அடி நகர்வதற்குள் போனுக்கு "பெல்ஜியத்துக்கு நல்வரவு" என்று ஒரு மெசேஜ், திரும்பி வந்தால் நெதர்லாந்திலிருந்து இன்னொன்று. விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, ஹம் கதைக்கு வருகிறேன். ஆகனில் ஆர்இ 1 என்ற உள்ளூர் ரயிலில் ஏறினால் கொலோன், டுசல்டார்ஃப், எசன், டார்ட்மண்ட் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஹம் என்ற ஊர் வந்துவிடும். தினமும் பிளாட்பாரத்தில் "ஹம்" என்ற பலகையைப் பார்த்திருக்கிறேன். அங்கே காமாட்சி அம்பாள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய கோயில், 2002இல் குடமுழுக்கு நடந்தது. சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவில் ராஜகோபுரம். கோடையில் தேர்.

தேர் அன்று ஊண்ட்ராப் பகுதியின் தார்ச்சாலையில் வடம் பிடித்து இழுக்கிறார்கள். காவடி, அங்கப்பிரதட்சணம், உடைந்து சிதறும் தேங்காய். ஓரத்தில் ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவர் தன் ஷூவில் ஒட்டிய தேங்காய்ச் சில்லைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கால்வாய்தான் தீர்த்தம். நான் கேமராவும் கையுமாக நிற்பதைப் பார்த்து ஒரு அம்மா, "தம்பி, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வரிசையில் நிறுத்திவிட்டார். வாழையிலை இல்லை, காகிதத் தட்டு. ஆனால் பருப்பும் சோறும் அப்படியே கோயில் ருசி. எட்டு மாதமாகக் கையால் சாப்பிடாதவன் நான், ஹாஸ்டலில் வெட்கப்பட்டு ஃபோர்க் பழகியவன். அன்று விரல் நுனி வரை மஞ்சள்.

நாள் முழுக்க வீடியோ எடுத்ததில் திரும்பும்போது போன் செத்துவிட்டது. டிக்கெட் போனுக்குள். டுசல்டார்ஃப் தாண்டியதும் "ஃபார்கார்டே பிட்டே" (டிக்கெட் ப்ளீஸ்) என்று பரிசோதகர் ஒருவர் வந்து நின்றார். கறுப்புத் திரையைக் காட்டினேன். கோபிக்கவில்லை, நிதானமாக ஒரு சீட்டு அச்சடித்து நீட்டினார். 60 யூரோ அபராதம். டிக்கெட் இருப்பதைப் பிறகு காட்டினால் 7 யூரோவோடு போய்விடும். காட்டினேன், போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், பவர் பேங்கை மேஜையிலேயே விட்டுப் போயிருந்தேன்.

அந்த 7 யூரோ எப்படி வந்தது தெரியுமா? எங்கள் மாடியில் கிரில் பார்ட்டி முடிந்து மூலையில் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் குவிந்து கிடந்தன, எடுத்துக்கொள் என்றார்கள். ஒன்றுக்கு 25 சென்ட் ஃபாண்ட், அதாவது பாட்டிலுக்கான டெபாசிட், கடை மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். ஞாயிறு கடை திறக்காது. திங்கள் காலை இரண்டு பை நிறையத் தூக்கிப்போய், ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். சரியாக 28.