ஃபிரண்டோசாவுக்குத் துணை எது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தண்ணீர் மாற்றுவது பற்றிச் சென்ற வாரம் பேசியதற்கு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “நான்கடி மீன் தொட்டியில் மூன்று ஃபிரண்டோசா வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முக்கால் சாண். தொட்டி வெறிச்சென்று இருக்கிறது. கூட என்ன விடலாம்? குட்டி நியான் டெட்ராவா, பெரிய ஆஸ்காரா?”

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் பதில் தெரியும். வாயைப் பாருங்கள். நிறம், விலை எல்லாம் அப்புறம். ஃபிரண்டோசா சாந்தமான மீன் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை, கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்துதான் போகும். ஆனால் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் அதன் பிழைப்பே வெளிச்சம் மங்கிய நேரத்தில் சிறு மீன்களை விழுங்குவதுதான். அதற்குக் கோபம் வேண்டியதில்லை, பசி போதும்.

எனக்கே இது அடிபட்டுத்தான் புரிந்தது. கும்பகோணத்து வீட்டில் முன்பு ஒரு பெரிய ஃபிரண்டோசா இருந்தது. அழகுக்காகப் பதினைந்து டெட்ரா விட்டேன். இரவு விளக்கை அணைக்கும்போது எண்ணினேன், பதினைந்தும் இருந்தன. காலையில் காபி டம்ளரோடு வந்து நின்றால் நான்குதான் நீந்துகின்றன. ஐந்தாவதின் வால் மட்டும் பெரியவரின் உதட்டோரத்தில், வெற்றிலைக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. “இன்றைக்குத் தீனி மிச்சம்” என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டார்.

சரி, ஆஸ்கார் வாய்க்குள் அடங்காதே என்பீர்கள். அடங்காது. ஆனால் அது தென் அமெரிக்க மீன், அமேசான் பக்கத்து மென்மையான, அதாவது சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் வளர்ந்த குடும்பம். டாங்கனிக்காவின் தண்ணீரோ காரத்தன்மை கொண்டது; அதை அளக்கும் பி.எச். எண் ஏறத்தாழ 9. ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளும் தண்ணீர் மற்றதற்கு ஆகாது. ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான மலாவியின் எம்புனா மீன் வகைகளையும் விட வேண்டாம். அவை துறுதுறுவென்று ஓடி, யானை தும்பிக்கையை நீட்டுவதற்குள் தீனியை முடித்துவிடும். அவற்றில் பல பாசி மேய்பவை. ஃபிரண்டோசாவுக்குப் போடும் இறால் தீனியைத் தொடர்ந்து தின்றால் வயிறு ஊதிச் சாகவும் கூடும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, அப்படியானால் ஆப்பிரிக்க மீனுக்குச் சரிதானே என்று டெல்டாவில் பலர் கேட்கிறார்கள். அண்டாவில் வெள்ளையாகப் படிந்தால் அது சுண்ணாம்பு, நல்லது. நாக்கில் கரித்தால் அது கடலோர உவர்ப்பு, அது வேறு சங்கதி. இரண்டையுமே நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்று சொல்லிவிடுகிறோம். சோதித்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அப்படியானால் எதைத்தான் விடுவது? அதே ஏரியின் புள்ளிக் கெளுத்தி. சினோடோன்டிஸ் மல்டிபங்டேட்டஸ் என்று கேட்டு வாங்குங்கள். நம் கெளுத்தி மாதிரியே துடுப்பில் முள், மீசை, பாறை இடுக்கில் வாசம். வேடிக்கை என்னவென்றால் இதுவும் வாய் பற்றிய கதைதான். ஃபிரண்டோசாவின் குடும்பத்துக்கு சிக்லிட் என்று பெயர்; அதில் பல, முட்டைகளை வாயில் வைத்தே பொரிப்பவை. அப்படிப்பட்ட சிக்லிட் முட்டையிடும்போது இந்தக் கெளுத்தி இடையில் புகுந்து தன் முட்டைகளையும் போட்டுவிடும். தாய் எல்லாவற்றையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்வாள். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரித்து, அந்த வாய்க்குள்ளேயே அவள் பிள்ளைகளைத் தின்று வளரும். காக்கைக் கூட்டில் குயில்!

தம்பி, நீங்கள் வேறொன்றைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஆப்பிரிக்க சிக்லிட்டை நம் ஊரில் எங்கே பார்க்கலாம் என்று. வாய்க்கால் படித்துறைக்குப் போங்கள். நாம் குழம்பு வைக்கும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிக்லிட்தான். தண்ணீர் தெளிந்து நிற்கும் நாளில், ஓரத்தில் கடுகு சிந்தினாற்போல் குஞ்சுகள் மிதக்கும். உங்கள் நிழல் விழுந்ததும் தாய் வாயைத் திறப்பாள்; அத்தனை கடுகும் உள்ளே போய்விடும். சிறுவயதில் அதைப் பார்க்கவே பள்ளிக்குத் தாமதமாகப் போனவன் நான். இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் தொட்டியில் ஒத்துப்போகாத மீனை ஆற்றில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். ஒன்றரை அடி அகலமும் உயரமும் இருந்தால் 250 லிட்டர் சொச்சம். இந்த மூன்றும் ஓரடி வரை வளரும். இப்போது வெறிச்சென்று தெரிவது அவை வளர வேண்டிய இடம். நான்கு பாறைகளை அடுக்கி வையுங்கள். ஆறடித் தொட்டி வாங்கிய பிறகு, அரைச் சாணுக்குக் குறையாத கெளுத்தி ஐந்து விடுங்கள். கடைக்காரர் இரண்டு விரல் நீளக் குட்டியை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த கேள்வி மன்னார்குடியிலிருந்து, ஃபில்டர் போடும் சத்தம் பற்றி.