‘இருக்கலாம்’, ‘இல்லை’: ஒரு ரத்தக் கறை சொல்லும் விடைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

குற்றம் நடந்த ஓர் அறையின் தரையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கறை காய்ந்து கிடக்கிறது. அங்கு வரும் தடய அறிவியலாளர் முதலில் அதைப் படமெடுத்து, அளந்து, வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார். பிறகு வடிதாள் துண்டு ஒன்றின் முனையால் கறையின் ஓரத்தை மெல்ல ஒற்றி, அந்தத் தாளில் ஒரு துளி எத்தனாலும் ஒரு துளி பினாப்தலீன் கரைசலும் இடுகிறார். நிறம் மாறவில்லை. கடைசியாக ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விழுந்த சில நொடிகளில் தாள் இளஞ்சிவப்பாகிறது. பக்கத்தில் நிற்கும் காவல் அதிகாரி, “ரத்தம்தானே?” என்று கேட்பார். “ரத்தமாக இருக்கலாம்” என்பதற்கு மேல் அங்கே சொல்ல முடியாது. ஏனென்றால் சில காய்கறிகளின் சாறும் இதே நிறத்தைத் தரும், தாளைச் சற்று நேரம் விட்டுவைத்தால் காற்றுப் பட்டே அது சிவக்கவும் தொடங்கிவிடும். மனித ரத்தம்தானா என்பதற்கு வேறொரு சோதனை உண்டு. யாருடையது என்ற கேள்விக்கு மரபணுதான் விடை சொல்ல வேண்டும்.

நம் டி.என்.ஏ.வில் வேதி எழுத்துகளின் ஒரு சிறு வரிசை அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் பல உள்ளன; எத்தனை முறை திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். அமெரிக்காவின் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் 1998-இல் இப்படிப்பட்ட 13 இடங்களை ஒப்பிட்டது. 2017 முதல் 20 இடங்களை ஒப்பிடுகிறது. எல்லா இடங்களும் பொருந்தினால், தற்செயலாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு எவ்வளவு சிறியது என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். பொருந்தாவிட்டால் கணக்கே தேவையில்லை: அந்தத் தடயம் இந்த ஆளுடையது அல்ல. இந்த ‘இல்லை’தான் தடய அறிவியலின் மிக உறுதியான சொல் என்பது என் கருத்து. மரபணுச் சோதனை கொலை வழக்கு ஒன்றில் முதன்முதலாகத் தந்த விடையும் அதுவே.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், அருகருகே இருந்த இரு ஊர்களில், 1983-இலும் 1986-இலும் 15 வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். இரண்டையும் அவனே செய்திருப்பான் என்று நம்பிய காவல்துறை, அதை நிறுவித் தருமாறு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸை நாடியது. மரபணு அடையாள முறையை 1984-இல் கண்டறிந்தவர் அவர். ஆய்வு முடிவு யாரும் எதிர்பாராதது. இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இந்த இளைஞன் இல்லை. செய்யாத கொலையை ஒப்புக்கொண்டவன் விடுதலையானான். பிறகு சுற்றுவட்டார ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் மாதிரிகள் பெற்றுப் பார்த்தும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. குற்றவாளி தனக்குப் பதிலாக உடன் வேலை செய்தவர் ஒருவரை ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தான். அந்த ஆள் மதுக்கடையில் இதை வாய்தவறிச் சொன்னது எப்படியோ காவல்துறையின் காதுக்கு எட்டியது. 1987 செப்டம்பரில் பிடிபட்டவனின் மரபணு பொருந்தியது. 1988 ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆக, சரியான ரத்தத்தை ஆய்வகத்தில் கொண்டுவந்து சேர்த்தது ஊர்ப்பேச்சுதான்.

பொருந்துவதிலும் ஒரு பொறி உண்டு. ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் 2007-இல் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய வாகனத்தில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை சுமார் 40 இடங்களில் அதே பெண்ணின் தடயம் இருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணைக் காவல்துறை ஆண்டுக்கணக்கில் தேடியது. 2009-இல், ஓர் ஆணின் பழைய ஆவணத்திலிருந்து எடுத்த மாதிரியிலும் அவளே வந்தபோதுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. தடயம் ஒற்றி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொதிந்த பெண் தொழிலாளி ஒருவரின் மரபணு அது! குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான்; ஆனால் கிருமிகளைக் கொல்லும் முறை டி.என்.ஏ.வை முற்றிலும் அழித்துவிடுவதில்லை. ஆய்வகத்தின் ஒப்பீட்டில் பிழை இல்லை. யாருடைய மரபணு என்பதை மட்டுமே அது சொல்லும். அது எப்படி அங்கே வந்தது என்பதை வேறு சான்றுகள்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் கேள்விகள் பெரும்பாலும் சோதனைக் கருவியைப் பற்றி வருவதில்லை. பொருள் கைமாறிய விதத்தைப் பற்றியே வருகின்றன. ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும், எனவே அதைக் காற்றில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். உறையின் மேல் முத்திரையும், யார் எடுத்தார், யார் கொண்டுவந்தார், யார் எந்த நேரத்தில் பிரித்தார் என்ற பதிவும் இருக்க வேண்டும். ஒரு கையொப்பம் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த இடத்தில்தான் விரலை வைப்பார்.

ஹைல்ப்ரான் தவறுக்குப் பின், தடயச் சேகரிப்புப் பொருள்களில் மனித டி.என்.ஏ. இருக்கக் கூடாது என்பதற்கான பன்னாட்டுத் தரவரையறை 2016-இல் வெளிவந்தது. கவனமான ஆய்வாளர் அதோடும் நின்றுவிடுவதில்லை. தடயம் எடுத்த குச்சிகளோடு, அதே பெட்டியிலிருந்து எதையும் தொடாத வெறும் குச்சி ஒன்றையும் சேர்த்துச் சோதிக்கிறார். அதில் யாருடைய டி.என்.ஏ.வும் இல்லை என்பதும் அறிக்கையில் ஒரு வரியாக இடம்பெறுகிறது.

நன்றி, வணக்கம்.