பல்லுக்குக் கம்பி கட்டிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். பல்லுக்குக் கிளிப் போடுவது என்று பேச்சுவழக்கில் நாம் சொல்லும் சிகிச்சையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். யார் போடலாம், எந்த வயதில் போடலாம் என்பதற்குள் இன்று நான் போகப்போவதில்லை. போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒன்றரை ஆண்டோ இரண்டு ஆண்டோ அதோடு எப்படி வாழ்வது என்பதே என் பேச்சு. மருத்துவரின் நாற்காலியில் நீங்கள் உட்காருவது சில வாரங்களுக்கு ஒருமுறை, அதுவும் சிறிது நேரம்தான். மீதி நேரமெல்லாம் சிகிச்சை உங்கள் பொறுப்பில் நடக்கிறது.

பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்தவர்கள் அதை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். சுவரில் அடித்த ஆணியைப்போலப் பல் எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லை மெல்லத் தள்ளும்போது, ஒரு பக்கத்தில் அந்த நார் நசுங்க, அங்குள்ள எலும்பை ஒருவகைச் செல்கள் அரித்து வழிவிடுகின்றன. மறுபக்கத்தில் நார் இழுபட, வேறு செல்கள் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே பின்தொடர்கின்றன. இந்த வேலை மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவில்தான் நடக்கும். "கொஞ்சம் இறுக்கி விடுங்கள் டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. அழுத்தம் மிகுந்தால் நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டு, பல் நகர்வதற்குப் பதிலாகச் சில காலம் அப்படியே நின்றுவிடும். வேருக்கும் அது நல்லதன்று. ரப்பர் பேண்ட் ஒன்று போடச் சொன்னால், இரண்டாகப் போடுவதால் பாதி நாளில் வேலை முடியாது என்பதற்கும் காரணம் இதுதான்.

கம்பி கட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்கு வரும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை மெல்லத் தேவையில்லாத உணவே போதும். வலி மாத்திரை வேண்டுமென்றால் எது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கன்னத்தில் உரசும் பிராக்கெட்டுக்கு, அதாவது கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டியிருக்கும் சிறு துண்டுக்கு, மெழுகு கொடுத்திருப்பார்கள். ஒட்டவில்லை என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிராக்கெட்டின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு மெழுகை விரலில் உருட்டிச் சூடாக்கி அழுத்தினால் ஒட்டும். ஈரத்தின்மேல் எதுவும் ஒட்டாது.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். சிகிச்சை முடிந்து பிராக்கெட்டுகளைக் கழற்றும் நாள் மகிழ்ச்சியான நாளாக இருக்க வேண்டும். ஆனால் சிலருக்கு, பிராக்கெட் இருந்த சிறு சதுரம் மட்டும் பளபளப்பாக இருக்க, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஒரு வெள்ளை விளிம்பு தெரியும். வரிசை நேராகிவிட்டது, பல்லின் மேல்பூச்சோ கரைந்துபோயிருக்கிறது. பல்லில் படியும் படலத்திலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி, எனாமலில் உள்ள கால்சியத்தை வெளியேற்றுவதால் வரும் வெள்ளை இது. துலக்காமல் விட்டால் நான்கே வாரத்தில்கூடத் தோன்றலாம். தொடக்கத்திலேயே கண்டால் ஃபுளோரைடால் ஓரளவு மீட்கலாம், முழுவதும் மறைவதற்கு உறுதி சொல்ல முடியாது.

இத்தனைக்கும் அவர்கள் பல் துலக்காதவர்கள் அல்லர். பிரஷ் எளிதாகப் படுவது பிராக்கெட்டின் முகத்தில்; படாமல் போவது பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள குறுகிய பட்டையில். ஆகவே பிரஷ்ஷை முதலில் ஈறுப் பக்கமிருந்து கம்பியை நோக்கிச் சாய்த்தும், பிறகு பல்லின் நுனிப் பக்கமிருந்து சாய்த்தும், ஒவ்வொரு பல்லையும் இரண்டு முறை கடக்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைவதற்கென்றே புட்டி கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம்போன்ற சிறு பிரஷ்கள் கிடைக்கின்றன. அதை இரவில் ஒருமுறையாவது, கண்ணாடியின் முன்னால் நின்று பயன்படுத்துங்கள். துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் பலர் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அழுக்கு தங்கியதால்தான் பெரும்பாலும் இரத்தமே வருகிறது, ஆகையால் அங்கேதான் மென்மையாக இன்னும் கவனித்துத் துலக்க வேண்டும்.

கம்பிக்குப் பதிலாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பல்வரிசைமேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அது வேறொரு சோதனையை வைக்கிறது: கழற்ற முடியும் என்பதே அந்தச் சோதனை. நாளில் 20 முதல் 22 மணி நேரம் அது பல்லில் இருக்க வேண்டும். ஓர் அலைனர் பல்லை நகர்த்துவது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அந்தக் கால் மில்லிமீட்டர் முடியாமல் அடுத்த அலைனரைப் போட்டால், அதற்கடுத்தது இன்னும் விலகி நிற்கும். பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே காற்றிடைவெளி தெரிந்தால், கணக்கு தவறியிருக்கிறது என்று பொருள். அப்போது அடுத்ததற்குத் தாவாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெந்நீரில் கழுவினால் அது நெளிந்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். அதைப் போட்டுக்கொண்டே தேநீரோ குளிர்பானமோ குடித்தால், சர்க்கரை உமிழ்நீர் எட்டாத இடத்தில் பல்லோடு அடைபட்டுக் கிடக்கும். குளிர்ந்த தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

நானே நடுவயதில் அலைனர் போட்டவன். பிறருக்கு அத்தனை முறை சொல்லியிருந்தும், இரண்டாம் வாரமே ஒரு விருந்தில் அதைக் கைத்துடைப்புத் தாளில் சுற்றித் தட்டோரம் வைத்தேன். தட்டோடு தாளும் போயிற்று. முந்தைய அலைனரை எறியாமல் வைத்திருந்ததால் அதைப் போட்டுச் சமாளித்தேன். அன்றுமுதல் பெட்டி என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

கம்பியைக் கழற்றிய பிறகு வருவது ரிடெய்னர், நேரான பல் மீண்டும் விலகாமல் பிடித்துவைக்கும் சாதனம். எலும்பு ஓரளவு விரைவில் கெட்டிப்படும். பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஓராண்டுகூட ஆகும், அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டேயிருக்கும். அதன்பிறகும் இரவு நேரங்களில் பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கலாம் என்பதைக் கிளிப் போடும் அன்றே சொல்லிவிடுவது நேர்மை என்று நினைக்கிறேன். இந்த உரையைக் கேட்பவர்களில் யாராவது ரிடெய்னரை எப்போதோ இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்திருந்தால், இன்றிரவு எடுத்துக் கழுவி மாட்டிப் பாருங்கள். சற்று இறுக்கமாக இருந்தாலும் முழுமையாக உட்கார்ந்துவிட்டால் அப்படியே தொடருங்கள். உட்கார மறுத்தால் கடித்து அழுத்தாமல், அதைப் பெட்டியில் வைத்து உங்கள் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.