இலங்கை சுற்றிப் பார்க்க: எந்த மாதம், எந்தக் கரை?

[காட்சி: இலங்கை வரைபடம். நடுவில் மலைநாடு. தென்மேற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்றைக் காட்டும் அம்புகள்.]

குரல்: இலங்கைக்கு எந்த மாதம் போகலாம்? எல்லாக் கரைக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. தீவின் நடுவே மலை நிற்பதால், ஒரு கரையில் மழை கொட்டும்போது மறுகரை காய்ந்து கிடக்கும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கொழும்பு, காலி, ஹட்டன் பக்கமெல்லாம் நனையும். மழையை மலையில் இறக்கிவிட்டு அதே காற்று கிழக்கே வரும்போது வறண்டு, சுட்டுக்கொண்டு வரும். மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா கடலில் இறங்க அதுதான் காலம். டிசம்பர் பிறந்தால் எல்லாம் தலைகீழ். வடக்கும் கிழக்கும் நனையும். காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் அடங்கியிருக்கும். மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகு எடுப்பதும் அப்போதுதான், ஏப்ரல் வரை. அக்டோபர், நவம்பரை எந்தக் கரைக்கும் சிபாரிசு செய்ய முடியாது: பிற்பகலானால் எங்கும் இடிமழை, போதாக்குறைக்குப் புயலும் வரலாம்.

[திரையில்: ஒரு வாரம் = ஒரு கரை + நடுப்பகுதி]

குரல்: ஏழு நாளில் தீவு முழுவதும் என்று யாராவது பயணத்திட்டம் நீட்டினால் வாங்காதீர்கள். கண்டியிலிருந்து மலையூரான எல்லவுக்குச் சாலை வழி சுமார் 140 கிலோமீட்டர்தான்; ஆனால் மலைப்பாதையில் நான்கைந்து மணி நேரம் போய்விடும். சீகிரியா பக்கம் இரண்டு இரவு, கண்டியில் ஒன்று, மலையில் இரண்டு, மீதி கடற்கரை. அதற்கு மேல் திணித்தால் வேனுக்குள்தான் விடுமுறை கழியும்.

[காட்சி: சீகிரியா, அதிகாலை. படிக்கட்டில் முதல் ஆட்கள்.]

குரல்: ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை கட்டிய பாறை. ஏறத்தாழ 1200 படிகள். ஏறி இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் திறந்தவுடன் ஏறிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சூடாகும், சுருள் படிக்கட்டில் வரிசை நகராது. அந்தப் படிக்கட்டின் மேலேதான் புகழ்பெற்ற ஓவியங்கள். அங்கே படம் எடுக்கக் கூடாது.

சிங்கப்பாதத் தளத்தில் கம்பிவலை அடித்த கூண்டுகளைப் பார்ப்பீர்கள். அவை விலங்குகளுக்கு அல்ல, நமக்கு. பாறையில் தொங்கும் குளவிக் கூடுகள் கலைந்தால் ஓடி ஒளிய வைத்திருக்கிறார்கள். சத்தம் போடாமல் ஏறச் சொல்லும் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. வெளிநாட்டவர் கட்டணம் டாலர் கணக்கு. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்தால் முழுக் கட்டணம்தான்.

[காட்சி: பொலன்னறுவை. வாடகைச் சைக்கிள்கள், சிறிய கற்கோயில்.]

குரல்: பொலன்னறுவை சமதரை, வாடகைச் சைக்கிள் போதும். எல்லோரும் கல் விகாரைக்கு ஓடுவார்கள், ஓட வேண்டியதுதான்: ஒரே பாறையில் செதுக்கிய நான்கு புத்தர், கிடக்கும் சிலை மட்டும் சுமார் 14 மீட்டர். ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர் வானவன் மாதேவி ஈச்சரத்தைத் தவறவிடக் கூடாது. இரண்டாம் சிவ தேவாலயம் என்று கேளுங்கள். சோழர் காலக் கோயில்; அடியிலிருந்து உச்சி வரை கல், இன்றும் முழுதாக நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. நடுப்பகலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது வெட்டுகளில் நிழல் தங்கும், அப்போது கண்ணுக்குப் பிடிபடும். புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்குக் கல் கொதிக்கும். ஒரு சோடி காலுறை கொண்டு போங்கள், அதற்குத் தடை இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் ஒரு பிற்பகலை மின்னேரியாவுக்கு ஒதுக்குங்கள். குளம் வற்றி, தரையில் புல் முளைத்து, யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும் காலம்.

[காட்சி: கண்டி, தலதா மாளிகை.]

குரல்: கண்டித் தலதா மாளிகை, புத்தரின் புனிதப் பல்லைப் பேழைக்குள் வைத்திருக்கும் கோயில். பூசை நேரம் காலை 5.30, 9.30, மாலை 6.30. பேழை இருக்கும் அறை அப்போதுதான் திறக்கும். தெரிவது பேழை, புனிதப் பல் அல்ல. தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். போலீஸ் வரை போகும் விஷயம். போயா எனப்படும் பௌர்ணமி நாள் ஒவ்வொரு மாதமும் பொது விடுமுறை. மது விற்பனை கிடையாது, கோயில்களில் கூட்டம் அலைமோதும்.

[காட்சி: தேயிலைத் தோட்டம் நடுவே ரயில்.]

குரல்: கண்டி–எல்ல ரயில் ஆறேழு மணி நேரம் ஓடும். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், திறந்த சூட்டில் தீரும். கிடைக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டாம்: பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டு அன்றன்றைக்கே கவுன்டரில் கிடைக்கும். முழுத் தூரமும் நிற்க முடியாதவர்கள் வழியிலுள்ள நானுஓயாவில் ஏறலாம். அங்கிருந்து எல்ல வரைதான் கண்ணுக்கு விருந்து. வழியில் பட்டிப்பொல, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம், 1891 மீட்டர். முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், கண்ணாடி திறக்காது. கதவில் தொங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். சுரங்கச் சுவரும் மரக்கிளையும் பெட்டியை உரசுகிற மாதிரிதான் வரும். கனமழையில் மண் சரிந்து இந்தப் பாதை மூடப்படுவது வழக்கம். முதல் நாள் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

[காட்சி: ஹோட்டன் சமவெளி. பனி மூடும் பள்ளத்தாக்கு.]

குரல்: உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம் 800 மீட்டருக்கும் மேல். ஒன்பது, பத்து மணிக்குப் பனி ஏறினால் வெள்ளைத் திரைதான் தெரியும். நுவரெலியாவிலிருந்து விடியுமுன் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். சுற்றுநடை சுமார் ஒன்பது கிலோமீட்டர். நுழைவாயிலில் பையைச் சோதித்து பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுவார்கள். உணவைத் துணியிலோ காகிதத்திலோ கட்டிக்கொள்ளுங்கள்.

யாத்திரை மலையான சிவனொளிபாதமலையில் ஏறும் பருவம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. மற்ற மாதங்களில் பாதைவிளக்கும் தேநீர்க்கடையும் இருக்காது. நல்லதண்ணியிலிருந்து அதிகாலை இரண்டு மணிக்கு ஏறுங்கள். சூரியன் எழுந்ததும் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள், மலையின் முக்கோண நிழல் விழும்; கிழக்கையே படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதை விட்டுவிடுவார்கள். வார இறுதியும் போயாவும் தவிர்க்க வேண்டிய நாட்கள், வரிசை படியிலேயே நின்றுவிடும்.

[காட்சி: யாழ்ப்பாணம், குறிகட்டுவான் இறங்குதுறை.]

குரல்: யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாள், தேர் 24ஆம் நாள். கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும். தீவுகளுக்குக் குறிகட்டுவானில் படகு. நயினாதீவு கால் மணி, இருபது நிமிடம். நாகபூசணி அம்மனும் நாகவிகாரையும் ஒரே தீவில். நெடுந்தீவு ஒரு மணி நேரம்: பவளக்கல் வேலிகள், பெருக்கமரம் (பாவோபாப்), கட்டுப்பாடின்றித் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள். இறங்கிய இடத்திலேயே ஆட்டோ பேசிக்கொள்ளலாம், நடந்து முடியாது. படகுகள் குறைவு, தங்குமிடமும் குறைவு. அதனால் போகும் படகில் கால் வைக்குமுன், திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் கேளுங்கள். அதையே நெடுந்தீவில் இறங்கியதும் இன்னொருமுறை கேளுங்கள். வாடைக்காற்று மாதங்களில் அந்த நேரம் மாறும், சில நாள் படகே ஓடாது.