பாய் விரித்த வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை அச்சு அசலாகக் கட்டினார்கள். மரச்சுவர், வீட்டுச் சாமான், தரையில் தத்தாமிப் பாய் என்று எதுவும் விடுபடவில்லை. வடிவமைத்துக் கொடுத்தவர் அன்டோனின் ரேமண்ட், டோக்கியோவில் பல ஆண்டுகள் தொழில் செய்த கட்டடக் கலைஞர். கட்டியதைக் கொளுத்தினார்கள். மறுபடி கட்டி, மறுபடி கொளுத்தினார்கள். எந்தக் குண்டுக்கு அந்த வீடு அணைக்க முடியாதபடி பற்றுகிறது என்று பார்த்தார்கள். பிள்ளைகள் படுத்துறங்கும் பாய் அது என்று அங்கே ஒருவருக்காவது தோன்றியிருக்குமா? எனக்கு இன்றும் ஆறாத கேள்வி.

அந்தச் சோதனையில் தேறியது எம்-69 என்ற தீக்குண்டு. சுமார் மூன்று கிலோ எடையுள்ள இரும்புக் குழாய். உள்ளே நேபாம், அதாவது கூழாக்கிய பெட்ரோல். கூரையைத் துளைத்து விழுந்த சில விநாடிகளில் அந்தக் கூழை எரியவிட்டு வீசும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும்.

1945 மார்ச் 9 நள்ளிரவு தாண்டி, அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஏறத்தாழ 280, டோக்கியோ மீது தாழப் பறந்து 1,600 டன்னுக்கு மேல் தீக்குண்டுகளைக் கொட்டின. அன்று பலத்த காற்று. விமானத் தாக்குதலுக்குப் பாதுகாப்பென்று மக்கள் அணிந்திருந்த பஞ்சுத் தலைமூடிகளே தீப்பற்றின. சுமிதா ஆற்றிலும் கால்வாய்களிலும் குதித்தவர்கள் சூட்டிலும் நெரிசலிலும் மாண்டார்கள். ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் உயிர்கள் போயின. 40 சதுர கிலோமீட்டர் சாம்பலானது.

மக்கள் வாழும் இடத்தில் வானிலிருந்து தீக்குண்டு போடக் கூடாது என்ற சர்வதேச நெறிமுறை 1980-இல்தான் வந்தது. அதிலும் ஓட்டை இருக்கிறது. தீ மூட்டவோ உடலைச் சுடவோ 'முதன்மையாக' வடிவமைத்த ஆயுதத்தைத்தான் அது தீக்குண்டு என்கிறது. காற்றுப் பட்டதும் தானே எரியும் வேதிப்பொருள் வெண்பாஸ்பரஸ். அதை நிரப்பிய குண்டு புகைத்திரை எழுப்பச் செய்தது என்று சொல்லிவிட்டால் பிடிக்குள் வராது. தரையிலிருந்து ஏவும் தீக்குண்டுகளுக்கும் கட்டுப்பாடு தளர்வுதான். 2009-இல் காசாவில் வெண்பாஸ்பரஸ் குண்டுகள் குடியிருப்புகளின் மேல் வெடித்தன.

எதற்காகச் செய்தார்கள் என்று சட்டம் கேட்கிறது. சதைக்குள் தங்கிய பாஸ்பரஸ் துணுக்கோ, காயத்தின் கட்டைப் பிரித்துக் காற்றுப் பட்டதும் திரும்பப் புகைகிறது. என்ன செய்கிறது என்பதை வைத்து அந்த வரையறையைத் திருத்துங்கள் என்று மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகின்றன. அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.