கல் பங்களாவும் ஏரித் தண்ணியும்

மேடையில் இருக்கும் தலைவர் ஐயா அவர்களே, இன்னொரு கூட்டத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்த கவுன்சிலர் அம்மா அவர்களே, காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த ரேடியோ செட் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. ஊட்டிக் குளிரில் அதைக் கழற்றுவதாக இல்லை.

சல்லிவன் வீட்டைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: வீடு, ஆள், நிலம். சுவர் இருந்தால்தானே சித்திரம்? அதனால் சுவரில் தொடங்குகிறேன்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி, கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். அப்புறம் 1822-ல் ஊட்டியில் கல் பங்களாவுக்கு அடி போட்டார். இப்போது அது அரசு கலைக் கல்லூரி. இன்றைய ஊட்டி அந்த வீட்டைச் சுற்றி வளர்ந்ததுதான். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகள் அதற்கும் முந்தியவை, அதை மூன்றாவதாகச் சொல்கிறேன்.

போன மாதம் பெரியப்பாவைக் கன்னேரிமுக்குக்குக் கூட்டிப் போனேன். வயது எண்பது. வழியில் இரண்டு முறை வாந்தி, நடுவில் வர்க்கி வாங்க ஒரு நிறுத்தம், வாங்கிய வர்க்கியை மடியில் வைத்துக்கொண்டு "பங்களா எப்படா வரும்" என்று வளைவுக்கு வளைவு கேள்வி. போய் இறங்கினால் அடக்கமான ஒரு மாடி வீடு. பெரியப்பா குடையை ஊன்றி அண்ணாந்து பார்த்தார். "ஏண்டா, கலெக்டர் வீடே இவ்வளவுதானா? என் மச்சான் லாட்ஜில் ரிசப்ஷனே இதைவிடப் பெரிசு!" வாட்ச்மேன் சிரித்துவிட்டார். நான் விடவில்லை. "சரி பெரியப்பா, அந்த லாட்ஜ் கழிவுத்தண்ணி எங்கே போகுது?" அவர் மெதுவாகக் குடையை விரித்துக்கொண்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை!

எங்கே போகும்? ஊட்டி ஏரிக்குத்தான். ஓடைகளை மறித்து அந்த ஏரியை உண்டாக்கியதும் இதே சல்லிவன்தான், 1820-களில். அன்றைக்கு இருந்த ஏரியில் ஒரு பகுதிதான் இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டும், குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடமும். 2022-ல் அவருக்குச் சிலை வைத்தோம், நல்லது, நானும் போய்க் கைதட்டினேன்; ஆனால் சிலைக்கு மாலையும் ஏரிக்குச் சாக்கடையும் என்றால் என்ன கணக்கு? மறுபடி சொல்கிறேன், சுவர் இருந்தால்தான் சித்திரம். கவுன்சிலர் அம்மா சிரிக்கிறார், போன வருஷமும் இதையேதான் சொன்னேன், தண்ணியும் அதே கறுப்பில்தான் இருக்கிறது.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். நிலத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில். ஏரி மனு பின்வரிசை மேஜையில் இருக்கிறது, பேனா ஒன்றுதான், வரிசையாக வாங்க. பெரியப்பா முதல் கையெழுத்து போட்டாச்சு. மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.